மாற்றலும் திருத்தலும்: மீதரவு ஏவல்கள் ஐந்து

கணிப்பொறித் துறைச் சொற்களைத் தமிழாக்குவோர் பெயர்ச்சொற்களின்மேல் செலுத்தும் கருத்தை வினைச்சொற்களின்மேல் செலுத்துவதில்லை. வினைச்சொல் ஒன்று பிழைபடின் விளையும் கேட்டிற்குச் ‘சாஸ்’ மென்பொருளின் மீதரவு முறை நல்லதொரு சான்றாகும்.

மீதரவாவது தரவைப் பற்றிய தரவு. ஓர் அட்டவணையின் பெயர், விளக்கம் முதலியன அதன் பண்புகள். அட்டவணை ஒரு பொருள். அதன் நிரல்களும் தனித்தனிப் பொருள்களே. இவற்றிடையே உள்ள உறவு தொடர்பு எனப்படும். (பொருள், பண்பு என்பன நம் இலக்கணத்திற்குப் புதியன அல்ல.) இவற்றைப் புதுப்பிக்க விரும்புவோர், 1998-இல் பரிந்துரையாக வெளிவந்த எக்ஸ்.எம்.எல். குறிமொழியில் வேண்டுகோள் எழுதிச் சேவையகத்திற்கு விடுப்பர். எப்பொருளைக் கருதினர் என்பதை அதன் அடையாளக் குறி காட்டும்.

பண்பைப் புதுப்பித்தல் எளிது. வேண்டுகோளில் எழுதிய பண்பு மட்டும் மாறும். எழுதாதது பழைய நிலையிலேயே நிற்கும். தொடர்பிலோ இவ்வெளிமை இல்லை. அப்பெண்ட், மெர்ஜ், மாடிஃபை, ரிப்ளேஸ், ரிமூவ் என்னும் ஏவல்கள் ஐந்தனுள் ஒன்று அங்கே ஆட்சி செய்யும். ஏவல் குறிக்கப்படாவிடின், ஒன்றே கொள்ளும் தொடர்புக்கு மாடிஃபையும் பல கொள்ளும் தொடர்புக்கு மெர்ஜும் தாமே வந்து நிற்கும்.

எட்டு நிரல்கள் உடைய அட்டவணைக்கு ஒன்பதாவது நிரல் ஒன்று வேண்டும் எனக் கொள்வோம். புதிய நிரலை மட்டும் எழுதி அப்பெண்ட் என்றால் ஒன்பதும் நிற்கும். அதே வேண்டுகோளில் ரிப்ளேஸ் என்றால், பழைய பட்டியலிருந்த இடத்தில் புதியது அமர்ந்து, அட்டவணைக்கு ஒரு நிரலே எஞ்சும். எழுதாது விட்டது காக்கப்படும் என்ற பண்பின் நெறி ஈண்டுச் செல்லாது.

தமிழில் இடர் இங்கேதான் தோன்றுகின்றது. மாடிஃபை, ரிப்ளேஸ் ஆகிய இரண்டிற்கும் ‘மாற்று’ என்பதே எளிதில் வாய்க்கு வரும். சட்டையின் நிறத்தை மாற்றினான் எனின் சட்டை அதுவே. சட்டையை மாற்றினான் எனின் பழையது போயிற்று. பேச்சில் இடம் நோக்கிப் பொருள் கொள்கின்றோம். கையேட்டைப் பார்த்து ஏவல் எழுதுபவனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆதலின் ரிப்ளேஸுக்கு மட்டுமே ‘மாற்று’ என்பதை ஒதுக்கி, மாடிஃபைக்குத் ‘திருத்து’ எனக் கொள்ளுதல் தக்கது என்பது எம் கருத்து. அப்பெண்ட் ‘சேர்’ ஆகும். குறித்த தொடர்பை மட்டும் அறுக்கும் ரிமூவ் ‘நீக்கு’ ஆகும்.

மெர்ஜ் என்பதே எம்மைத் தயங்க வைக்கின்றது. அது புதியதைச் சேர்க்கவும் செய்யும்; இருப்பதைத் திருத்தவும் செய்யும். ‘கல’ எனின் திருத்தற்பொருள் மறையும். இப்போதைக்குச் ‘சேர்த்துத் திருத்து’ என இரு சொல்லால் எழுதி வருகின்றோம். ஒரு சொல் கிடைப்பின் ஏற்போம்.