நிறுவும் முன் ஓட்டிப் பாருங்கள்

போன வாரமும் ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். லினக்ஸ் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் நினைத்தாராம். இன்ஸ்டால் செய்யும்போது, டிஸ்க்கை முழுதாக அழிக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்து, படிக்காமலே அடுத்து, அடுத்து என்று தட்டிவிட்டார். மகள் கல்யாணப் படங்கள் எல்லாம் போய்விட்டன. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததிலிருந்து இப்படி வருகிறவர்கள் கூடிவிட்டார்கள்.

பார்ப்பதற்கு நிறுவ வேண்டியதே இல்லை. உபுண்டு, லினக்ஸ் மின்ட் இரண்டும் பென்டிரைவிலிருந்தே ஓடும். இதை லைவ் முறை என்பார்கள்.

முதல் வேலை, விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் மீட்புச் சாவி, 48 இலக்க எண், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கலாம். தேடி எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். கணினி எழும் விதத்தை முடிவு செய்யும் பயாஸ் அமைப்பில் கை வைத்தபின் விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்டால், அது இல்லாமல் உள்ளே போக முடியாது.

பென்டிரைவில் எழுத வேண்டிய லினக்ஸின் ஐஎஸ்ஓ கோப்பை அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 2016 பிப்ரவரியில் மின்ட் தளத்தையே உடைத்து, பின்கதவு வைத்த கோப்புக்கு மக்களைத் திருப்பிவிட்டார்கள். ஆகவே கோப்பின் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணையும் தளம் தருவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கோப்பைப் பென்டிரைவில் எழுதும் ரூஃபஸ் மென்பொருளிலேயே அந்த எண்ணைக் கணக்கிட ஒரு பொத்தான் இருக்கிறது. ரூஃபஸ் எழுதும்போது பென்டிரைவில் இருப்பது அழியும். 8 ஜிபி காலி பென்டிரைவ் போதும், படம் ஏற்றி வைத்திருப்பதைச் செருகாதீர்கள்.

பென்டிரைவைச் செருகிவிட்டு, கணினி எழும்போது டெல், லெனோவோவில் எஃப்12-ஐயும் எச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்9-ஐயும் அழுத்தினால் பெரும்பாலும் பூட் மெனு வரும். அதில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். மின்ட் நேராக டெஸ்க்டாப்பில் கொண்டுபோய் விடும். அங்கே இன்ஸ்டால் என்று ஓர் ஐகான் இருக்கும். அதைத் தொடாதீர்கள். வைஃபை, ஒலி, கேமரா, பிரின்டர், தமிழ்த் தட்டச்சு எல்லாவற்றையும் சோதியுங்கள். பென்டிரைவ் மெதுவாகத்தான் ஓடும், வேகத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். அங்கே சேமித்தது அணைத்ததும் மறைந்துவிடும். ஆனால் உங்கள் விண்டோஸ் கோப்புகளும் அதில் திறக்கும். அவற்றை அழித்தால் அழிந்ததுதான். மறுபடியும் சொல்கிறேன், இன்ஸ்டால் ஐகான் பக்கமே போகாதீர்கள்.

பிடித்துப்போய் நிறுவ நினைத்தால், அதற்கு முன் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, வேறொரு கணினியில் செருகி நாலைந்து படங்களாவது திறக்கின்றனவா என்று பாருங்கள்.