திறமூல இயங்குதளங்களும் நிறுவன ஆதரவும்: பாரிசிலிருந்து ஒரு நோக்கு

திறமூல இயங்குதளத்தின் மூலநிரலை எவரும் பெறலாம், திருத்தலாம், பகிரலாம். அவ்வாறாயின் பெருநிறுவனங்கள் அதற்கு ஆண்டுதோறும் பணம் செலுத்துவது ஏன்? அவை வாங்குவது மென்பொருளையன்று, பொறுப்பை. குறித்த காலம்வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், தம்மிடமுள்ள கணினிகளில் அது இயங்குமெனச் சோதித்துச் சான்றளிக்கப்படும், பழுது நேர்ந்தால் விடையிறுக்க ஒருவர் இருப்பார் என்னும் உறுதிக்கே விலை தரப்படுகிறது. 2019ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் ரெட் ஹாட்டை ஏறத்தாழ 3,400 கோடி டாலருக்கு வாங்கியமை அவ்வுறுதியின் மதிப்பைப் புலப்படுத்தும்.

ஆதரவளிக்கும் நிறுவனமே நலிந்தால் என்னாகும்? இவ்வினாவுக்குப் பாரிசு நகரமே ஒரு சான்று. 1998இல் இங்குத் தோன்றிய மாண்ட்ரேக் லினக்சு, 2005இல் பிரேசில் நாட்டுக் கொனெக்டிவாவை இணைத்துக்கொண்டு மாண்ட்ரிவா ஆயிற்று. 2010இல் அதன் துணைநிறுவனம் ஒன்று கலைக்கப்பட, பணியிழந்தோரும் ஆர்வலரும் கூடி மாசெயா என்னும் சங்கத்தை நிறுவி, அதே நிரலைத் தனிக்கிளையாக வளர்த்தனர். 2015இல் மாண்ட்ரிவா மூடப்பட்டது; மாசெயா தொடர்ந்தது. மூடிய மென்பொருளில் இதற்கு இடமில்லை. 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோசு எக்ஸ்பிக்கான பொது ஆதரவு முடிவுற்றபோது, அதன் நிரலைக் கையேற்றுத் தொடரும் உரிமை பிறருக்கு இல்லை. தமிழ்நாடு அரசு அப்போது தன் துறைகளுக்குப் பரிந்துரைத்தது, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சை.

பெரிய அமைப்புகள் ஆதரவைத் தாமே அமைத்துக்கொள்ளவும் இயலும். பிரெஞ்சு ழாந்தார்மரி காவற்படை 2008 முதல் உபுண்டுவைத் தன் தேவைக்கேற்பத் திருத்திப் பயன்படுத்தி வருகிறது. லா சப்பலின் தமிழ்க் கடைகளுக்கோ மாலைநேரத் தமிழ்ப் பள்ளிகளுக்கோ அத்தகைய ஆள்வலிமை இல்லை. ஆதரவு ஒப்பந்தம் வாங்கும் வசதியும் அரிது.

தமிழ் நிற்கும் இடமும் இதுவே. ரெட் ஹாட்டின் ஆதரவில் வெளிவந்த லோகித் தமிழ் எழுத்துரு, கட்டற்ற உரிமம் உடையது. அந்நிறுவனம் கைவிடினும் பிறர் அதனைச் செப்பனிடலாம். எனினும் உரிமம் வழியைத் திறந்து வைக்குமேயன்றி, அவ்வழியில் நடப்போரைத் தாராது. எழுத்துரு, விசைப்பலகை, பட்டியல்களின் மொழிபெயர்ப்பு ஆகியவற்றைப் பேணும் பணியை வணிகம் தானாக ஏற்குமென எதிர்பார்த்தல் பொருந்தாது. தமிழ்த்துறைகளும் நூலகங்களும் அதனைத் தம் நிலையான கடமைகளுள் ஒன்றாகக் கொள்ளுதல் வேண்டும்.