ஆக்ஸ்பர்க் தாலரில் நான் பார்க்கத் தவறிய விளிம்பு

ஜெர்மன் சுதந்திர நகரங்களோட வெள்ளிக் காசு வாங்கும்போது எதைப் பார்க்கணும்னு பலர் கேட்டிருந்தீங்க. நான் ஏமாந்த கதையோடவே சொல்றேன்.

முதல்ல, சுதந்திர நகரம்னா என்ன? நியூரம்பெர்க், ஆக்ஸ்பர்க், ரேகன்ஸ்பர்க், ஃபிராங்க்ஃபர்ட் மாதிரி ஊர்கள். இவை எந்தக் குறுநில மன்னருக்கும் கீழே இல்லை. நேரடியாகப் புனித ரோமானியப் பேரரசருக்குக் கட்டுப்பட்டவை. சொந்தமாகக் காசு அச்சடிக்கவும் உரிமை உண்டு. அதனால பல தாலர்களில் ஒரு பக்கம் பேரரசர் பெயர் அல்லது உருவம், மறுபக்கம் ஊர்ச் சின்னமோ நகரக் காட்சியோ இருக்கும். ஆக்ஸ்பர்க்குக்குப் பைன் மரக் காய், ரேகன்ஸ்பர்க்குக்கு குறுக்காக வைத்த இரண்டு சாவி. இதை வைத்தே ஊரைக் கண்டுபிடிச்சிடலாம்.

அடுத்தது எடை. 1566 விதிப்படி தாலர் சுமார் 29.2 கிராம். 1750களுக்குப் பிறகு வந்த கன்வென்ஷன் தாலர் சுமார் 28 கிராம். ஒரு மார்க் சுத்த வெள்ளியில் 10 காசு என்று அதிலேயே பொறித்திருப்பாங்க. எடை ரொம்பக் குறைந்தால் சந்தேகப்படுங்க.

நான் வாங்கியது 1641ஆம் வருஷத்து ஆக்ஸ்பர்க் தாலர். மூன்றாம் ஃபெர்டினாண்ட் ஒரு பக்கம், நகரம் மறுபக்கம். எடை சரியாகவே இருந்தது. வீட்டுக்கு வந்து விளக்கில் சாய்த்துப் பார்த்தப்பதான் தெரிஞ்சது, பேரரசர் தலைக்கு மேலே விளிம்பு அராவியிருக்கு, பக்கத்து எழுத்துகள் மழுங்கியிருக்கு. யாரோ வளையம் பற்றவைத்து நகையாக அணிந்திருக்காங்க. பிறகு வளையத்தை எடுத்துட்டாங்க. பழுதில்லாத காசுக்கான விலையை நான் கொடுத்திருந்தேன். விற்றவர் அனுப்பிய படங்களில் விளிம்பே இல்லை, நானும் கேட்கலை. இப்போ விளிம்பைச் சுற்றி நாலு படம் வராமல் பணம் அனுப்புவதில்லை.

இன்னொன்று: கறுத்திருக்குன்னு பாலிஷ் போடாதீங்க. தேய்ந்த மேற்பரப்பு திரும்ப வராது, விலையும் விழும்.

ஆரம்பிக்க நினைப்பவர்கள் ஒரே ஊரை எடுத்துக்கோங்க. எனக்கு ஆசை ஃபிராங்க்ஃபர்ட்டின் 1796 தாலர். அந்த வருஷம் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்துப் பெரும் தொகை கேட்டது. தேவாலயங்களும் குடிமக்களும் கொடுத்த வெள்ளிப் பாத்திரங்களை உருக்கி அச்சடித்தாங்க. காசின் மேலேயே அதைப் பொறித்தும் வெச்சாங்க. இன்னும் கிடைக்கலை. கிடைச்சா, முதலில் விளிம்பைத்தான் பார்ப்பேன்.