இழைமணி நோய்கள்: கணக்கில் வராத துயரமும் ஆராய்ச்சி நிதியும்

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், மகாவலி கங்கையை அண்டிக் கிடக்கும் வில்கமுவ பிரதேசத்தின் பெயர் மருத்துவ ஆய்வேடுகளில் இடம்பெற்றிருக்கின்றது. அங்குள்ள விவசாயிகளின் சிறுநீரகங்களே அதற்குக் காரணம். நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாதவர்களின் சிறுநீரகங்கள் ஓசையின்றிச் செயலிழந்துபோகும் அந்நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்டது. சுகாதார அமைச்சும் உலக சுகாதார தாபனமும் இணைந்து விரிவான ஆய்வொன்றைத் தொடங்கியதோ 2009ஆம் ஆண்டளவில்தான். இடைப்பட்ட காலத்தில் நோயாளர்கள் நோயாளர்களாகவே மடிந்தனர். 2015இல் கிளைபொசேற் களைநாசினி தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலை, இறப்பர்ச் செய்கைகளுக்காக அத்தடை தளர்த்தப்பட்டது. ஆயினும் நோயின் மூலகாரணம் இன்றுவரை ஐயந்திரிபற நிறுவப்படவில்லை. உரிய நேரத்தில் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்காத ஒரு நாடு, பின்னர் குருதிச் சுத்திகரிப்பு இயந்திரங்களுக்கும் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் பன்மடங்கு செலவிட நேர்ந்தது என்பதே வில்கமுவ நமக்குக் கற்பித்த பாடமாகும்.

சிறுநீரக நோயாளர்களுக்கு, தாமதமாகவேனும், ஒரு பெயரும் ஒரு பதிவேடும் கிடைத்தன. அவையிரண்டும் கிடைக்காத வேறொரு நோய்க் கூட்டத்தைப் பற்றியே இங்கு நாம் எழுத முற்படுகின்றோம். அவை இழைமணி நோய்கள் எனப்படுவன.

க.பொ.த. சாதாரண தரத்தில் விஞ்ஞானம் கற்ற எவரும் இழைமணி என்ற சொல்லை மறந்திருக்கமாட்டார்கள். ஆங்கிலவழிப் பெயர் மைற்றோகொன்றியா. உடலின் ஏறத்தாழ எல்லாக் கலங்களினுள்ளும் இருந்து, நாம் உண்ணும் உணவையும் சுவாசிக்கும் ஒட்சிசனையும் கொண்டு சக்தியைப் பிறப்பிக்கும் நுண்ணிய உலைகள் அவை. இந்த உலைகளுக்கு ஒரு விசேடமுண்டு. கலத்தின் கருவிலுள்ள பரம்பரையலகுகளுக்குப் புறம்பாக, 37 பரம்பரையலகுகளைக் கொண்ட சொந்த டீ.என்.ஏ. வளையமொன்றை அவை வைத்திருக்கின்றன. அந்த வளையம் தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்குச் செல்லும். எனினும், இழைமணியை இயக்குவதற்கு வேண்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களுள் 13 மாத்திரமே அந்த வளையத்தின் கட்டளைப்படி ஆக்கப்படுகின்றன. ஏனையவற்றுக்கான கட்டளைகள் கலத்தின் கருவிலேயே உள்ளன. அவை தாய் தந்தை இருவரிடமிருந்தும் வருபவை. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பின்னர் இது தேவைப்படும்.

உலை அணைந்தால் எங்கு இருள் சூழும்? சக்தியை அதிகம் வேண்டும் உறுப்புகளிலேயே முதலில் சூழும். மூளை, கண், செவி, இதயம், தசை என்பன அவை. தவழ்ந்து கொண்டிருந்த பிள்ளை ஒரு காய்ச்சலின் பின்னர் தவழ்வதை மறந்துவிடுகின்றது. இருபது வயது இளைஞனின் பார்வை சில வாரங்களில் மங்கி, மையத்தில் ஒரு கரும்புள்ளி மட்டும் எஞ்சுகின்றது. நாற்பது வயதில் நீரிழிவும் செவிட்டுத் தன்மையும் ஒருங்கே வந்த ஒரு பெண்ணின் தாய்க்கும் தமக்கைக்கும் அவ்வாறே வந்திருக்கின்றன. இவை வெவ்வேறு நோய்களாகத் தோன்றும். வெவ்வேறு வைத்தியர்களிடமே இவர்கள் செல்வர். ஒரே குடும்பத்தின் மூவர் மூன்று சிகிச்சைக் கூடங்களின் வாங்குகளில் காத்திருப்பர். மூவருக்கும் வேர் ஒன்றே என்பதைக் கேட்டறிய எவருக்கும் நேரமிராது.

உலகளவில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒருவர் இழைமணி நோய்க்கு ஆளாகின்றார் என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட மதிப்பீடு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாத்தளை மாவட்டத்தில் சுமார் 4 இலட்சத்து 84 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். அந்த விகிதத்தை இங்கு பொருத்தினால் இம்மாவட்டத்தில் மட்டும் நூறு பேரளவில் இருத்தல் வேண்டும். இது வெறும் பெருக்கல் கணக்கே. எண்ணிப் பார்த்த தொகையன்று. எண்ணிப் பார்ப்பதற்குத்தான் நாம் நிதி கோருகின்றோம். பெயரிடப்படாத நோய் பதிவேட்டில் ஏறாது. பதிவேட்டில் ஏறாத நோய்க்குத் திறைசேரி பணம் ஒதுக்காது. பணமின்றிப் பெயரிடவும் முடியாது. செக்குமாடு போல இவ்வட்டத்தையே நாம் சுற்றிக் கொண்டிருக்கின்றோம்.

ரத்தோட்டையிலோ எல்கடுவயிலோ தோட்டமொன்றில் வேலை செய்யும் தாயொருத்தியை எண்ணிப் பார்ப்போம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாத்தளை வைத்தியசாலைக்கு வருகின்றாள். அங்கிருந்து பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பப்படுகின்றாள். சிலவேளை கொழும்புக்கும் செல்லவேண்டியிருக்கும். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நாட்கூலி போகின்றது. பிள்ளையைப் பார்க்கும் வைத்தியர்கள் திறமையிலும் பரிவிலும் குறைந்தவர்களல்லர். ஆனால் இந்நோயை உறுதிப்படுத்தத் தசைத் துண்டொன்றை ஆராய வேண்டும். அல்லது பரம்பரையலகுகளின் தொடரை வாசிக்க வேண்டும். அது வழமையான இரத்தப் பரிசோதனையைப் போன்று துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாள் பெறக்கூடிய ஒன்றன்று.

இதனிடையே வீட்டில் வேறொரு விசாரணை நடந்துகொண்டிருக்கும். “உன் வயிற்றில் பிறந்ததால்தான்” என்ற சொல் அந்தத் தாயின் மீது விழுந்துகொண்டேயிருக்கும். தாய்வழி நோய் என்று அரைகுறையாகக் கேள்விப்பட்டவர்கள் அச்சொல்லுக்கு விஞ்ஞான முலாமும் பூசிவிடுகின்றனர். உண்மை யாதெனில், சிறுபராயத்தில் தோன்றும் இழைமணி நோய்களிற் பெரும்பாலானவை கலத்தின் கருவிலுள்ள பரம்பரையலகுகளின் விகாரங்களால் வருவனவாகும். அதாவது தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக, பழுதுற்ற இரு பிரதிகள் சேரும்போதே பிள்ளை நோயுறுகின்றது. எது தாயின் வளையத்தால் வந்தது, எது இருவராலும் வந்தது என்பதைப் பரிசோதனையின்றி எவராலும் கூற முடியாது. அடுத்த பிள்ளை நோயுறுவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்ற கேள்விக்கான விடையும் அதிலேயே தங்கியுள்ளது. நோய்க்கு மருந்தில்லாத நிலையிலும் ஒரு சரியான பெயர் ஒரு பெண்ணின் வாழ்வைக் காப்பாற்றக்கூடும் என்பதை நிதி ஒதுக்குவோர் கருத்திற்கொள்ளல் வேண்டும்.

இவ்விடத்தில் நம்மவரிடையே பேசத் தயங்கும் ஒன்றையும் பேசியாக வேண்டும். மாமன் மகளையும் மச்சானையும் மணம் முடிக்கும் வழமை தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் உண்டு. சொத்தும் உறவும் சிதறாதிருக்கவும், பெண் அறிந்த வீட்டிலேயே வாழவும் அது உதவியிருக்கின்றது. அதனை ஏளனம் செய்பவர்களுடன் நாம் உடன்படவில்லை. ஆனால் ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகள் மணக்கும்போது, ஒரே பழுது இருபுறத்திலிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகின்றது. பிறவிக் கோளாறுகளுக்கான பொதுவான ஆபத்து 2 முதல் 3 சதவீதம் எனின், இத்தகைய திருமணங்களில் அது ஏறத்தாழ இரட்டிப்பாகின்றது. பெரும்பான்மையான பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றனர் என்பதும் இதே கணக்கில் அடங்கியதுதான். எந்தக் குடும்பத்தில் எந்தப் பழுது இருக்கின்றதென ஆய்வு கூறுமாயின், முழுச் சமூகத்தின் வழமையையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டிய தேவை எழாது.

“டெங்குவுக்கும் சிறுநீரக நோய்க்குமே பணம் போதாத நாட்டில், 5,000 பேருக்கு ஒருவருக்கு வரும் நோய்க்கு ஆராய்ச்சியா?” எனக் கேட்கப்படலாம். 2022இல் சாதாரண மருந்துகளுக்கே வைத்தியசாலைகள் தவித்ததைக் கண்டவர்கள் நாம். இக்கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. எனினும் இதற்கு விடையுண்டு. அவ்விடை அரிய சிகிச்சைகளில் அல்ல, அன்றாடம் நமது வாட்டுகளில் ஏற்றப்படும் மருந்துகளில் உள்ளது.

ஜென்ரமைசின் என்ற நுண்ணுயிர்கொல்லி மலிவானது. கிருமித்தொற்றுக்குள்ளான பச்சிளங் குழந்தைகளின் உயிரைக் காப்பது. காசநோய்க்கு நீண்டகாலம் வழங்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசினும் அதே இனத்தைச் சேர்ந்தது. இழைமணி வளையத்தின் 1555ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கும் ஒருவருக்கு, சரியான அளவில் கொடுக்கப்பட்டாலும், இம்மருந்துகள் கேட்கும் திறனை நிரந்தரமாகப் பறித்துவிடக்கூடும். இவ்விகாரம் 1993இல் கண்டறியப்பட்டது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகர ஆய்வாளர்கள், குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தை ஒற்றியெடுத்து 26 நிமிடங்களில் இதனைக் கண்டறியும் படுக்கையருகுச் சோதனையை 2022இல் வெளியிட்டனர். ஐரோப்பியரில் ஏறத்தாழ 500 பேருக்கு ஒருவரிடம் இவ்விகாரம் உண்டு. உக்குவளையிலோ கலேவலையிலோ பிறக்கும் குழந்தைகளில் எத்தனை பேரிடம் உண்டு? சில ஆயிரம் குழந்தைகளின் மாதிரிகளை ஆராய்ந்தால் தெரிந்துவிடும். குறைவு எனத் தெரிந்தால் அச்சோதனைக்குப் பணம் செலவிடாது விடலாம்; கூடுதல் எனத் தெரிந்தால் பிள்ளைகளின் செவிகளைக் காப்பாற்றலாம். எவ்வழியிலும் ஆய்வு பயன் தருகின்றது.

இன்னொன்று வலிப்பு நோய் பற்றியது. சோடியம் வல்புரோயேற் பெரிதும் பயன்படும் நல்ல மருந்து. ஆனால் ‘பொல்ஜி’ என்ற பரம்பரையலகில் விகாரமுள்ள பிள்ளைகளுக்கு அது ஈரலைச் செயலிழக்கச் செய்து உயிரையே பறிக்கக்கூடும். நீரிழிவையும் எடுத்துக்கொள்ளலாம். நீரிழிவு மலிந்த இந்நாட்டில், தாய்வழியில் செவிட்டுத் தன்மையுடன் சேர்ந்துவரும் நீரிழிவு எவ்வளவு என்பது அறியப்பட வேண்டியது. அதற்குக் காரணமான விகாரத்தை ஏறத்தாழ 400 பேருக்கு ஒருவர் கொண்டிருந்தமை அவுஸ்திரேலிய ஆய்வொன்றில் தெரியவந்தது. அத்தகையோருக்கு, எல்லோருக்கும் எழுதப்படும் மெற்போமின் மாத்திரையை வழங்குவதில் எச்சரிக்கை வேண்டும் என்பது மருத்துவர் அறிந்ததே.

ஆராய்ச்சி நமது மண்ணிலேயே பலன் தந்ததற்குத் தொலைவில் உதாரணம் தேட வேண்டியதில்லை. மாத்தளைக்கு அயலிலுள்ள குருநாகலில் தலசீமியாவுக்கென விசேட நிலையம் இயங்குகின்றது. அந்நோய் பற்றி களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினரும், ஒக்ஸ்போர்ட்டின் டேவிட் வெதரோல் முதலானோரும் மேற்கொண்ட ஆய்வுகள் 2000ஆம் ஆண்டிலும் 2005ஆம் ஆண்டிலும் லான்செற் சஞ்சிகையில் வெளியாகின. காலமெல்லாம் இரத்தம் ஏற்றவேண்டும் எனக் கருதப்பட்ட நோயாளர்களுள் ஒரு பகுதியினர் ஈமோகுளோபின் ஈ கலந்த வேறு வகையினர் என்பதும், அவர்களுட் சிலர் இரத்தமேற்றாமலே வாழக்கூடியவர்கள் என்பதும் அவற்றால் வெளிப்பட்டன. மிச்சமானது பணம் மாத்திரமன்று. மாதந்தோறும் ஊசிக்கு நீட்டப்பட்ட கைகளும்தான். ஆயினும் இலங்கை தனது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதத்தையே எல்லாத் துறை ஆராய்ச்சிகளுக்குமாகச் செலவிட்டு வந்திருக்கின்றது.

இழைமணி டீ.என்.ஏ.யை வாசிக்கும் கலை இந்நாட்டுக்குப் புதியதுமன்று. வேடர், மலைநாட்டுச் சிங்களவர், கரையோரச் சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்திய வம்சாவளித் தமிழர் ஆகியோரின் தாய்வழியை இதன்மூலம் ஆராய்ந்த கட்டுரையொன்று 2014இல் வெளியாயிற்று. யார் எங்கிருந்து வந்தார் என்பதை அறிவதில் நமக்குள்ள ஆர்வம் எல்லையற்றது. அதில் ஒரு பங்கை, யார் ஏன் நோயுற்றார் என்பதிலும் காட்டினால் தகும். கொழும்பு மருத்துவ பீடத்தில் மானிடப் பிறப்புரிமையியல் அலகு 1983இலேயே தொடங்கப்பட்டது. பாக்குநீரிணைக்கு அப்பால், ஐதராபாத்தின் கல மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையம் சனங்களின் தாய்வழி வரலாற்றையும் இழைமணி நோய்களையும் ஒருங்கே ஆராய்ந்து வருகின்றது. இந்திய அரசு 2021இல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டு, சிகிச்சைக்கு நிதியுதவியும் வழங்க முன்வந்தது. நமக்கு அத்தகைய கூட்டாளிகள் ஏறத்தாழ இரண்டு மணிநேர விமானப் பயணத் தொலைவில் இருக்கின்றனர்.

உலகம் இதற்கப்பாலும் சென்றுவிட்டது. பழுதுற்ற இழைமணியைக் கொண்ட தாயின் கருவை, வேறொரு பெண்ணின் நலமான கருமுட்டைக்கு மாற்றும் முறையைப் பிரித்தானியா 2015இல் சட்டமாக்கியது. அம்முறையால் எட்டுக் குழந்தைகள் பிறந்துள்ளதாக நியூகாசில் மருத்துவர்கள் 2025 ஜூலையில் அறிவித்தனர். மூன்றாமவரின் கருமுட்டை என்பதால் வம்சவழி பற்றிய கேள்விகள், குறிப்பாக முஸ்லிம்களிடையே, எழுவது இயல்பே. உலமாக்களும் மருத்துவர்களும் அதனை ஆறுதலாக ஆராயட்டும். மாத்தளைக்கு இன்று வேண்டியது அதுவன்று.

இன்று வேண்டியவை மிக எளியவை. காரணம் தெரியாமலே மரணிக்கும் பிள்ளையை அன்றே நல்லடக்கம் செய்துவிடுவது முஸ்லிம்களின் கடமை. தமிழ்க் குடும்பங்களும் சிறு பிள்ளையைக் காத்திருக்க வைப்பதில்லை. பிரேத பரிசோதனையை இரு சாராரும் விரும்புவதில்லை. பிள்ளை உயிரோடிருக்கும்போதே, பெற்றோரின் சம்மதத்துடன் எடுத்து டீ.என்.ஏ.யாகப் பிரித்துச் சேமித்த ஒரு தேக்கரண்டிக்கும் குறைந்த இரத்தம் போதுமானது; ஆண்டுகள் கழிந்த பின்னரும் அது விடை சொல்லும். மாவட்ட வைத்தியசாலையில் ஓர் உறைகுளிர்ப் பெட்டி, அதனைப் பேராதனை மருத்துவ பீடத்துடன் இணைக்கும் ஒரு பதிவேடு, அந்தப் பதிவேட்டைப் பேண ஓர் அலுவலர், தமிழிலும் எழுதப்பட்ட சம்மதப் பத்திரம், அதை வாசித்து விளக்கத் தமிழ் பேசும் ஒருவர் ஆகியவற்றுடன் முதற்கட்டத்தை ஆரம்பிக்கலாம். அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்கான கோரிக்கைகளை மத்திய மாகாண சபையும் சுகாதார அமைச்சும் தயாரிக்கும்போது, மாத்தளை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் இந்தச் சிறு பட்டியலையும் அவற்றுடன் சேர்ப்பார்களா என்பதையே நாம் கேட்க விரும்புகின்றோம்.