வயலுக்குத் துணை வரும் இளநாய்: நடையைப் படிப்படியாகப் பழக்குவோம்

நீண்ட காலம் ஆளில்லாமற் கிடந்த காணிக்குத் திரும்பி வருகிற குடும்பம் முதலில் கிணற்றை இறைக்கிறது. அடுத்து வேலியை அடைக்கிறது. அதன்பின் எங்கேயாவது ஒரு நாய்க்குட்டி கிடைக்குமா என்று விசாரிக்கிறது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. வயலைச் சுற்றிக் காடு நெருங்கி நிற்கிறது. பகலில் குரங்கு வரும். இரவில் பன்றி இறங்கும். காவற் கொட்டிலில் தனியே படுப்பவருக்கு ஒரு நாயின் காதும் மூக்கும் பெருந்துணை.

ஆனால் எம்மவர் பலருக்கு இன்று வீடு ஓரிடம், வயல் வேறோரிடம். உறவினர் வளவிலோ புதிய குடியிருப்பிலோ இருந்துகொண்டு நாலைந்து கிலோமீற்றர் தள்ளியுள்ள வயலைச் செய்கிறார்கள். குட்டிக்கு ஐந்தாறு மாதம் ஆனவுடன் அதுவும் கூடவே புறப்பட்டு விடுகிறது. போக ஐந்து, வர ஐந்து, மொத்தம் பத்துக் கிலோமீற்றர். "நல்ல சுறுசுறுப்பான குட்டி, களைக்கவே இல்லை" என்று வீட்டார் மகிழ்கிறார்கள். சில மாதங்களில் அதே நாய் எழும்பும்போது பின்னங்காலை இழுக்கிறது. ஒரு வயதில் நொண்டியாகிப் படலையடியில் கிடக்கிறது. காவலுக்கென வளர்த்த நாய் காவலுக்கு உதவாமற் போகிறது.

இங்கே நாம் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நாய் தன் களைப்பைப் பார்த்து நிற்கும் பிராணி அல்ல. எசமான் நடக்கும் வரை அதுவும் நடக்கும். விழும் வரைக்கும் நடக்கும். ஆகவே எவ்வளவு தூரம் போதும் என்பதை நாம்தான் அளந்து கொடுக்க வேண்டும்.

எலும்பு முற்றும் காலம்

குட்டியின் நீண்ட எலும்புகள் அவற்றின் நுனிகளை அண்டியுள்ள மெல்லிய குருத்தெலும்புத் தட்டுகளிலிருந்தே வளர்கின்றன. வளர்ச்சி முடியும்வரை அந்த இடம் மற்ற எலும்பைவிட மென்மையானது. ஓயாத நெடுநடை, உயரத்திலிருந்து குதித்தல், கடினமான வீதியில் நெடுநேர ஓட்டம் என்பன அந்த இடத்தையும் மூட்டுகளையும் பழுதாக்கலாம். எமது ஊர் நாயைப் போன்ற நடுத்தர உடம்புள்ள நாய்க்கு இந்தத் தட்டுகள் ஏறத்தாழ ஒரு வயதில் முற்றிவிடும். பெரிய இன நாய்களுக்கு 15 முதல் 18 மாதம் வரை செல்லும்.

இதனால் குட்டியைக் கட்டியே வைக்க வேண்டும் என்று எண்ண வேண்டாம். 2012ஆம் ஆண்டில் நோர்வே நாட்டு ஆராய்ச்சியாளர்கள் பெரிய இன நாய்க்குட்டிகளைக் கவனித்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். முதல் மூன்று மாதத்தில் நாளாந்தம் படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு கூடுதலாக வந்தது. வெளியிலே கட்டின்றி ஓடி விளையாடிய குட்டிகளுக்குக் குறைவாக வந்தது. குட்டி தன் மனம்போல் ஓடும், இருக்கும், படுக்கும். அது நல்லது. எமது வேகத்துக்கு எமது தூரத்தை நடப்பதுதான் அதற்குப் பாரம்.

வயதுக்கேற்ற நடை

மூன்று மாதம் வரை: வளவுக்குள் விளையாட்டு மட்டும் போதும். பூச்சி மருந்தும் தடுப்பூசிகளும் கொடுக்க வேண்டிய காலம் இது. விசர்நாய்த் தடுப்பூசியைச் சுகாதாரப் பகுதியினர் இலவசமாக ஏற்றுகிறார்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நாளையும் இடத்தையும் கேட்டறியுங்கள்.

மூன்று முதல் பன்னிரண்டு மாதம் வரை: வயது எத்தனை மாதமோ அத்தனை ஐந்து நிமிட நடை என்று ஒரு கைக்கணக்கு உண்டு. நாலு மாதக் குட்டிக்கு 20 நிமிடம், ஆறு மாதத்துக்கு 30 நிமிடம், ஒன்பது மாதத்துக்கு 45 நிமிடம். இது ஆராய்ச்சியால் நிறுவப்பட்ட எல்லை அல்ல. ஆனாலும் பாதுகாப்பான அளவு. போவதையும் வருவதையும் சேர்த்தே கணக்கிடுங்கள். தார் வீதியைவிட மண் பாதையும் வரம்பும் நல்லவை.

ஒரு வயதுக்குப் பின்: இப்போதுதான் நெடுநடைக்குப் பழக்கலாம். போக வர மொத்தம் 2 கிலோமீற்றருடன், கிழமைக்கு மூன்று அல்லது நாலு நாள் தொடங்குங்கள். ஒவ்வொரு கிழமையும் பத்தில் ஒரு பங்கு தூரத்தைக் கூட்டுங்கள். இப்படி 12 தடவை கூட்டினால் 6 கிலோமீற்றரைத் தாண்டும். மூன்று கிழமை கூட்டியபின் ஒரு கிழமை தூரத்தைக் குறைத்து இளைப்பாற விடுங்கள். எல்லாமாக நாலு மாதம் செல்லும். இதே முறையில் பொறுமையாகத் தொடர்ந்தால் பத்துக் கிலோமீற்றரையும் எட்டலாம். தூரத்தையும் வேகத்தையும் ஒரே கிழமையில் கூட்ட வேண்டாம்.

அதற்கு முன்பே குட்டியை வயலுக்குக் கொண்டுபோக வேண்டிய தேவை இருந்தால், சைக்கிள் கரியரில் ஒரு பெட்டியைக் கட்டி அதில் ஏற்றிச் செல்லுங்கள். கடைசித் துண்டை மட்டும் நடக்க விடுங்கள். சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ கயிற்றால் கட்டி ஓடச் செய்வது ஒருபோதும் கூடாது. கண்ணிவெடி அபாயக் குறியிட்ட காணிகள் உள்ள பகுதிகளில் நாயைக் கயிற்றில் பிடித்தே செல்லுங்கள். நாயைத் தேடி நீங்களோ பிள்ளைகளோ குறியைத் தாண்ட நேரக் கூடாது.

வெயில்

எம்மைப்போல் நாய்க்கு உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இளைத்துத்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. பங்குனி, சித்திரை வெயிலிலும் சோளகம் வீசும் வறண்ட நாட்களிலும் விடியற் புறப்பட்டு வெயில் ஏறுமுன் வயலைச் சேருங்கள். மத்தியானம் நிழலில் படுக்க விட்டு, பொழுது சாயத் திரும்புங்கள். புறங்கையை நிலத்தில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குப் பொறுக்கவில்லையென்றால் அதன் பாதமும் பொறுக்காது. ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு சிரட்டையும் கையோடு இருக்கட்டும். வயிறு நிறையத் தின்ற கையோடு நடத்தாமல் ஒன்றிரண்டு மணித்தியாலம் விடுங்கள்.

நாயின் சாதாரண உடல் வெப்பம் ஏறக்குறைய 38 முதல் 39 பாகை செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. அளவுக்கு மீறிய இளைப்பு, கொழகொழத்த எச்சில், கடுஞ்சிவப்பான நாக்கு, தள்ளாட்டம், வாந்தி என்பன அடையாளங்கள். உடனே நிழலுக்குத் தூக்கிச் சென்று உடம்பு முழுவதும் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஈரச் சாக்கால் மூட வேண்டாம். அது சூட்டை உள்ளே அடக்கிவிடும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். முதலில் குளிரச் செய்து, பின்பு மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். தெளிந்து எழும்பினாலும் காட்டவே வேண்டும்.

களைப்பா, நோயா?

நேற்றுவரை நடந்த நாய் இன்று பின்தங்கினால் சோம்பல் என்று அதட்ட வேண்டாம். உதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய முரசு வெளிறியிருந்தால் குடலில் கொக்கிப் புழுவோ உண்ணிக் காய்ச்சலோ இருக்கலாம். இரண்டும் இரத்தத்தைக் குறைப்பவை. இப்படிப்பட்ட நாய்க்கு நடை அல்ல, மருந்தே தேவை. வெறுஞ்சோறும் போதாது, மீன், முட்டை, பருப்பு ஏதாவது சேர வேண்டும். வீடு திரும்பியதும் விரலிடுக்கில் முள்ளும் காதுக்குள் உண்ணியும் இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலான பரிசோதனை மறுநாட் காலையில் உண்டு. நாய் எழும்பி உடம்பை முறித்து, நாலு காலிலும் ஒரே மாதிரி ஊன்றி நடந்தால் நேற்றைய தூரம் சரி. விறைத்தபடி எழும்பினாலோ ஒரு காலை ஊன்றத் தயங்கினாலோ நேற்றைய தூரம் கூடிவிட்டது. இரண்டு மூன்று நாள் ஓய்வு கொடுத்து, முந்திய கிழமைத் தூரத்திலிருந்து மீண்டும் தொடங்குங்கள். நொண்டல் நீடித்தால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். மனிதருக்குரிய நோ மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம். பரசிற்றமோல்கூட நாய்க்கு நஞ்சாகலாம்.

இந்த வேலையைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒன்றிடம் ஒப்படைக்கலாம். ஒரு பழைய கொப்பியில் திகதி, நடந்த தூரம், மறுநாட் காலை எழும்பிய விதம் என மூன்று கோடு இழுத்து எழுதி வரட்டும். ஞாயிறுதோறும் தாய் தகப்பன் அதைப் பார்த்து வருகிற கிழமைத் தூரத்தைத் தீர்மானிக்கலாம். இந்தக் காலபோகத்துக்கு உதவாத குட்டி, இப்படி வளர்த்தால் அடுத்த காலபோகத்தில் உங்களோடு வயலுக்கு நடந்து வந்து இரவெல்லாம் காவல் இருக்கும்.