கிற்றாரின் கழுத்துக்கு எந்த மரம்?

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களுள் பல, 2009இன் பின்னர் கட்டம் கட்டமாகத் தமது காணிகளுக்குத் திரும்பின. இன்னமும் காத்திருப்போரும் உளர். திரும்பியவர்கள் கண்டது கூரையற்ற சுவர்களையும் பற்றை மூடிய வளவுகளையுமே. துப்புரவு செய்யும்போது எஞ்சிய கதவு நிலைகளும் உத்தரங்களும் பெரும்பாலும் அடுப்புக்கே போகின்றன. அவற்றை விறகாக்குமுன் சற்றுப் பொறுக்குமாறு கேட்கின்றோம். தச்சுவேலை தெரிந்த இளைஞர் ஒருவர் வீட்டில் இருந்தால், அந்த மரத்துக்கு வேறொரு பயன் உண்டு.

கழுத்தின் பாரம்

கிற்றாரின் பெட்டி ஒலியைத் தருகின்றது. இழுவையைத் தாங்குவதோ கழுத்து. ஆறு உருக்குத் தந்திகளையும் சுருதி சேர்த்தால் ஏறக்குறைய 70 கிலோ இழுவை உண்டாகும். இது ஒரு மூடை யூரியாவின் பாரத்திலும் அதிகம். இரவும் பகலும் இதைத் தாங்கும் கழுத்து வளைந்தால் சுருதி நில்லாது. அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் 1920களில் கழுத்துக்குள் திருகிச் சரிசெய்யும் உருக்குக் கம்பியை வைக்கத் தொடங்கியது. ஆயினும் முறுகும் மரத்தைக் கம்பியால் திருத்த முடியாது.

எது உதவும்?

மேலைநாட்டார் பெரிதும் நாடுவது மகோகனி. அமெரிக்கக் காடுகளின் பெரிய இலை மகோகனி 2003 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுள்ளது. நம்மிடம் பலா உண்டு. வீணையின் குடமும் தண்டியும் பலாவிலேயே கடையப்படுகின்றன. அது அளவான பாரமும் உறுதியும் உடையது. கறையான் எளிதில் அரிக்காது.

வேம்பு மகோகனியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் அதன் நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், நேரான துண்டைத் தேடி எடுக்கவேண்டும். முதிரையும் பாலையும் உறுதியானவை. ஆயினும் கழுத்துக்குப் பாரம் கூடியவை. பனை கூரைக்குச் சிறந்தது. வெளியே வைரமும் உள்ளே சோற்றியுமாக இருப்பதால் கழுத்துக்கு ஏற்றதன்று.

தெரிவு செய்யும் முறை

1. ஓரத்துண்டு ஒன்றைக் கோடாலியால் பிளந்து பாருங்கள். நேராகப் பிளந்தால் நார் நேரானது. திருகிப் பிளந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

2. கணு, வெடிப்பு, வெள்ளைப்பகுதி இல்லாத வைரத்தையே எடுங்கள்.

3. பச்சை மரமாயின் பலகையாக அரிந்து, முனைகளுக்கு மெழுகு அல்லது பெயின்ற் பூசி, இடையே சலாகை வைத்து நிழலில் அடுக்குங்கள். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஏறக்குறைய ஒரு வருடம் தேவை. மாதந்தோறும் நிறுத்துப் பாருங்கள். நிறை குறைவது நின்றால் மரம் காய்ந்துவிட்டது. மாரியில் சற்றுக் கூடலாம். ஆகவே கோடையில் நிறுப்பதே நம்பகமானது.

பழைய பலா நிலையின் பெருமை இங்கேதான் விளங்கும். பல பத்தாண்டுகள் மாரியும் கோடையும் கண்டு அது தன் முறுகலை முடித்துவிட்டது. இரண்டரை அடி நீளம், மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலத் தடிப்புள்ள துண்டு கழுத்துக்குப் போதும். அடிப்பாகத்தின் தடிப்புக்குச் சிறு துண்டுகளை அடுக்கி ஒட்டலாம்.

எச்சரிக்கை

போர் நடந்த இடத்து மரத்தில் ஆணி மட்டுமன்றி எறிகணைச் சிதறல்களும் புதைந்திருக்கக்கூடும். வாள் வைக்குமுன் காந்தத்தால் தடவிப் பாருங்கள். காந்தம் எல்லா உலோகத்தையும் காட்டாது. ஆகவே வடுவும் கறுப்புக் கறையும் உள்ள இடத்தை விலக்குங்கள். கண்ணிவெடி அகற்றப்படாத காணிக்குள் மரம் தேடிச் செல்லவே வேண்டாம். நிற்கும் பலாவைத் தறிப்பதற்குப் பிரதேச செயலகத்தின் அனுமதி தேவை. காய்க்கும் பலாவை இதற்காகத் தறிக்குமாறு நாம் சொல்லவில்லை. அது குடும்பத்துக்கு உணவு தரும் மரம்.

கிற்றார் செய்வது உடனே வருமானம் தரும் தொழிலன்று. உடைந்த கழுத்தொன்றை மாற்றிப் பழகுவதே நல்ல தொடக்கம். அதுவரை நல்ல துண்டுகளை நிலத்தில் படாமல், நனையாமல், பரணில் வையுங்கள். எரித்த பலகையை மீளப் பெற முடியாது.