பிளைவீலின் கனத்தைக் குறைக்கலாமா?

வாகனத்தின் கனம் குறைந்தால் அதன் ஓட்டம் துரிதமாகும் என்பது எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கருத்து. இதனை ஆதாரமாகக் கொண்டு, என்ஜினின் பின்புறத்தில் சுழலும் கனத்த இரும்புச் சக்கரத்தையும் இலேசாக்கிவிட்டால் கார் இன்னும் விரைந்து பாயும் என்று கருதும் அன்பர்கள் இருக்கின்றனர். பட்டறைகளில் பிளைவீல் என்று வழங்கும் இச்சக்கரத்தைக் கடைந்து மெலிதாக்கலாமா, அல்லது அதனை அகற்றிவிட்டு இலேசான வேறொன்றைப் பூட்டலாமா என்னும் கேள்வி பெங்களூரில் வாழும் நம்மவர் வீடுகளிலும் எழுவதுண்டு. பணமும் பத்திரமும் ஒருங்கே சம்பந்தப்பட்ட விஷயமாதலால், இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

பிளைவீலின் பணி யாது? மட்பாண்டம் வனையும் குயவரை நாம் பார்த்திருக்கிறோம். அவர் தமது சக்கரத்தைக் கோலால் சில முறை வேகமாகச் சுழற்றிவிட்டு, பின்னர் இரு கைகளாலும் களிமண்ணைப் பற்றி உருவாக்குகிறார். கோலை எடுத்த பின்னரும் சக்கரம் நெடுநேரம் சுழல்கிறது. கனமான அச்சக்கரம் தனக்கு அளிக்கப்பட்ட விசையைச் சேமித்து வைத்துக்கொண்டு, தேவைக்கேற்பச் சிறிது சிறிதாகத் திருப்பித் தருகிறது. பிளைவீல் செய்வதும் இதுவே.

சாதாரண மோட்டார் என்ஜினில் ஒவ்வொரு பிஸ்டனும் நான்கு முறை மேலும் கீழும் நகர்ந்தால்தான் ஒரு சுற்றுவேலை முடிகிறது. எரிபொருட் கலவையை உள்ளே இழுத்தல், அதனை அழுத்துதல், அது எரிந்து பிஸ்டனைத் தள்ளுதல், புகையை வெளியேற்றுதல் என்பன அந்நான்கு. இவற்றுள் மூன்றாவது ஒன்றே விசையைத் தருவது. ஏனைய மூன்றும் விசையை உண்பன. ஒரே சிலிண்டர் கொண்ட என்ஜினில் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறைதான் விசை பிறக்கிறது. நம் ஊர்க் கிணற்றடிகளில் தண்ணீர் இறைத்த பழைய ஆயில் என்ஜின்களுக்கு அத்தனை பெரிய சக்கரங்கள் இருந்ததன் காரணம் இதுதான். நான்கு சிலிண்டர் என்ஜினில் அரைச் சுழற்சிக்கு ஒரு முறை விசை கிடைக்கிறது. 1983 முதல் 2014 வரை நம் நாட்டில் தயாரான மாருதி 800 போன்ற மூன்று சிலிண்டர் வண்டிகளிலோ, மூன்றில் இரண்டு பங்கு சுழற்சிக்கு ஒரு முறை. ஒரு விசைக்கும் அடுத்த விசைக்கும் இடைப்பட்ட காலத்தில் என்ஜினைத் தடையின்றிச் சுழலச் செய்வது பிளைவீலே. வண்டியைக் கிளப்பும்போது கிளட்ச் தகடு இச்சக்கரத்தின் முகத்தில்தான் அழுந்துகிறது. அப்போது உராய்வினால் எழும் வெப்பத்தில் பெரும் பகுதியை ஏற்றுக்கொள்வதும் இதுவே.

இனி, கனத்தைக் குறைப்பதால் வரும் லாபத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மையத்திலிருந்து சராசரியாக 10 சென்டிமீட்டர் தூரத்தில் இரண்டரைக் கிலோ உலோகத்தை நீக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். சிறிய கார் ஒன்று முதல் கியரில் செல்லும்போது, அந்த இடத்திலுள்ள உலோகம் காரின் வேகத்தைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். இயங்கும் பொருளில் அடங்கிய ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே ஐந்தின் இருமடியாகிய 25ஆல் இரண்டரையைப் பெருக்கினால் 62.5 வருகிறது. அதாவது, முதல் கியரில் வேகமெடுக்கும்போது காரிலிருந்து ஓர் ஆள் இறங்கிக்கொண்டது போன்ற இலாகவம் கிடைக்கிறது. இது உண்மையான லாபமே, மறுப்பதற்கில்லை.

ஆனால் கியர் உயர உயர இந்த லாபம் தேய்ந்துகொண்டே போகிறது. உச்ச கியரில் அவ்வுலோகத்தின் வேகமும் காரின் வேகமும் ஏறத்தாழச் சமமாகிவிடுவதால், இரண்டரைக் கிலோ இரண்டரைக் கிலோவாகவே நின்றுவிடும்; ஒரு சிறு பையை இறக்கி வைத்த பலனுக்கு மேல் ஒன்றுமில்லை. ஒரே வேகத்தில் சீராகச் செல்லும்போது அப்பலனும் கிடையாது. என்ஜினின் குதிரைச் சக்தி இதனால் அணுவளவும் கூடுவதில்லை; வண்டியின் உச்ச வேகமும் மாறுவதில்லை. என்ஜினை விரைவாக முடுக்கிச் சக்தியை அளக்கும் சில கருவிகள் சற்று உயர்ந்த எண்ணைக் காட்டக்கூடும். சக்கரத்தை முடுக்குவதில் முன்பு செலவான சக்தி இப்போது கருவிக்குத் தென்படுகிறது, அவ்வளவுதான்.

பெட்ரோல் மிச்சமாகும் என்று சிலர் சொல்வதையும் பார்ப்போம். நிமிஷத்துக்கு 3,000 சுற்று வேகத்தில், நாம் நீக்கிய உலோகத்தில் அடங்கியிருக்கக்கூடிய ஆற்றல் சுமார் 1,200 ஜூல். ஆயிரம் முறை நின்று நின்று அந்த வேகத்துக்கு முடுக்கினாலும், மிச்சமாகும் பெட்ரோல் ஒன்றரை நூறு மில்லிலிட்டர் அளவே ஆகும். இந்தச் சிக்கனத்துக்காகப் பட்டறைக்குப் பணம் கொடுப்பது பொருந்தாது.

பெங்களூர் வாழ்க்கையை இங்கே நினைவுகூர்தல் தகும். உலக நகரங்களின் போக்குவரத்தை ஆராயும் டாம்டாம் நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இந்நகரின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டர் செல்வதற்குச் சராசரியாக 29 நிமிஷங்களுக்கு மேல் ஆயிற்று. சில்க் போர்டு சந்திப்பில் காலை வேளையில் அகப்பட்டுக்கொண்ட எவருக்கும் இதனை விளக்க வேண்டுவதில்லை. பத்தடி நகர்வதும் நிற்பதுமாக ஊர்ந்து செல்லும் அவ்வேளையில் நமக்குத் துணைபுரிவது பிளைவீலில் தேங்கிய விசையே. அது குறைந்துவிட்டால், கிளட்சை விடும்போது என்ஜின் அடிக்கடி நின்றுபோகும். நிற்காமலிருக்க ஆக்ஸிலேட்டரை மேலும் அழுத்திக் கிளட்சை நழுவவிட்டு ஓட்ட நேரும். அப்பொழுது வெப்பம் மிகும். அதனை ஏற்கும் உலோகமோ குறைந்திருக்கும். கிளட்ச் தகடு விரைவில் தேய்வதற்கு வேறு காரணம் வேண்டுமா?

சென்னையிலிருந்து இங்கே குடிவந்த சிலர், ‘அங்கே ஓடிய வண்டி இங்கே மந்தமாகிவிட்டது’ என்று குறைப்படுவதுண்டு. அதற்குப் பிளைவீல் பொறுப்பன்று. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் அமைந்த இந்நகரில் காற்றின் அடர்த்தி குறைவு. டர்போ இல்லாத என்ஜின் தன் சக்தியில் ஏறக்குறையப் பன்னிரண்டில் ஒரு பங்கை இதனால் இழக்கிறது. சக்கரத்தைக் கடைவதால் இந்த நஷ்டம் ஈடாகாது. விடுமுறையில் குடும்பத்தோடு ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ செல்பவர்கள், கொண்டை ஊசி வளைவில் நிறுத்தி மீண்டும் வண்டியை ஏற்ற வேண்டிய தருணத்தில், கனமான பிளைவீலின் அருமையை உணர்வார்கள்.

அப்படியாயின் இலேசான பிளைவீல் யாருக்குத்தான் உரியது? பந்தயத் தடத்தில் ஓட்டுபவருக்கு உரியது. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையிலுள்ள தடத்திலும், கோவையை அடுத்த செட்டிப்பாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் கார்கள் சீறிச் செல்கின்றன. அங்கே என்ஜின் எப்போதும் மிகுந்த வேகத்திலேயே சுழல்கிறது. நின்று கிளம்பும் தேவை ஒரு முறையே. வளைவுக்கு வளைவு கியர் மாற்றும்போது என்ஜின் வேகம் சட்டென்று ஏறவும் இறங்கவும் வேண்டும். அத்தகைய இடத்தில் இலேசான சக்கரம் தன் பயனை முழுமையாகத் தருகிறது.

அவ்விதம் பொருத்த விழைவோரும் ஓர் அபாயத்தை மறத்தலாகாது. பழைய வார்ப்பிரும்புச் சக்கரத்தைக் கடைசல் இயந்திரத்தில் கொடுத்து மெலிதாக்குவது செலவு குறைந்த வழியாகத் தோன்றும். ஆனால் வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்குமேயன்றி இழுவிசையை நன்கு தாங்காது. சுழலும் சக்கரத்தைப் பிய்க்க முயலும் விசையோ, வேகம் இருமடங்கானால் நான்கு மடங்காகிறது. மெலிந்த சக்கரம் அதிவேகத்தில் வெடிக்குமானால், அதன் துண்டுகள் உறையைப் பிளந்துகொண்டு ஓட்டுபவரின் கால்களையே தாக்கக்கூடும். ஆகவே அக்காரியத்துக்கென்றே எஃகினாலோ, உராயும் முகத்தில் எஃகுத் தகடு பதித்த அலுமினியத்தினாலோ செய்யப்பட்ட, தரச்சான்று பெற்ற சக்கரத்தையே கொள்ள வேண்டும். அதனையும் சுழற்றிப் பார்த்துச் சமநிலை சரிசெய்த பின்னரே பூட்ட வேண்டும்.

சில கார்களில், முக்கியமாக டீசல் கார்கள் பலவற்றில், பிளைவீல் இரு பகுதிகளாக அமைந்து இடையே சுருள்வில்கள் பொருத்தப்பட்டிருக்கும். என்ஜினின் அதிர்வு கியர்ப்பெட்டியை எட்டாமல் தடுப்பன அவ்வில்கள். இதனை அகற்றி ஒற்றைச் சக்கரம் பூட்டினால், கியர்ப்பெட்டியில் கடகடவென்னும் ஓசை எழுவதோடு அதன் பற்களுக்கும் கேடு நேரலாம். மேலும், இக்காலத்து வண்டிகளில் கிராங்குத் தண்டின் வேக ஏற்றத்தாழ்வைக் கொண்டே எரிதல் தவறியதா என்பதை மின்னணுக் கருவி கண்டறிகிறது. சக்கரம் இலேசானால் ஏற்றத்தாழ்வு மிகும். பழுதில்லாமலே எச்சரிக்கை விளக்கு எரியவும் கூடும்.

சட்டத்தையும் கருத வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தைத் திருத்துவதைக் கட்டுப்படுத்துகிறது. அனுமதியற்ற மாற்றத்துக்கு ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது. ஆதலால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்கூட்டியே கேட்டறிதல் நலம். தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டியை இங்கே 12 மாதங்களுக்கு மேல் வைத்திருப்போர் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதையும், அப்போது வண்டி அதிகாரிகளின் பார்வைக்கு வரலாம் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஆக, முடிவு செய்யுமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று. இவ்வண்டி பந்தயத் தடத்துக்கா, அலுவலகத்துக்கா? வீட்டில் இதனை வேறு எவரேனும் ஓட்டுவரா? கிளட்ச் மாற்றும் காலம் வந்துவிட்டதா? கியர்ப்பெட்டியைக் கழற்றும் கூலியே இவ்வேலையில் பெருஞ்செலவாதலால், மூன்றாவது கேள்வியும் முக்கியமானதே. தடத்துக்கென்று தனி வண்டி வைத்திருப்பவர் தேர்ந்த பட்டறையில் தக்க சக்கரத்தைப் பூட்டிக்கொள்ளட்டும். நாள்தோறும் நெரிசலில் ஊர்ந்து, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஓசூர் வழியாக ஊர் செல்லும் நாம், பிளைவீலைத் தயாரிப்பாளர் வைத்தவண்ணமே விட்டுவிடுவோம். அந்தப் பணத்தில் தேய்ந்த கிளட்ச் தகட்டை மாற்றி, காற்று வடிகட்டியைப் புதுப்பித்து, டயர்களின் காற்றழுத்தத்தைச் சரிபார்த்துக்கொண்டால், வண்டியின் ஓட்டத்தில் தெரியும் பலன் அதனினும் அதிகமாகவே இருக்கும்.